சூட்டில் அனீல் செய்த பிறகு எக்ஸ்ஆர்டி (படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) அழகாகிறது, மின்தடை மட்டும் 15 மடங்கு ஏறுகிறது: காப்பர் அயோடைடில் கை வைத்தவர்கள் யாராவது உண்டா?

மெல்லிய_படலம் எழுதியது:

வணக்கம். ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். நாலு மாதமாகக் காப்பர் அயோடைடு (செம்பும் அயோடினும் சேர்ந்த, மின்சாரம் கடத்தும் தெளிந்த பொருள்) படலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கோ உதைக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன், குறுக்குக் கேள்வி கேட்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

ஒன்றரை சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் துண்டு. அதன் மேல் தெர்மல் எவாப்பரேஷனில் (வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைப்பது) 50 நானோமீட்டர் செம்பு, தடிமன் பார்க்கும் கிரிஸ்டல் மானிட்டர் காட்டிய கணக்கு. பிறகு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் அயோடின் மணிகளைப் போட்டு, படலத்தை ஒரு தாங்கியில் கவிழ்த்து வைத்து, சூடு எதுவும் இல்லாமல் 20 நிமிடம். செம்பு முதலில் கறுக்கும், அப்புறம் பழுப்பாகும், கடைசியில் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். சாய்த்துப் பார்த்தால் மட்டும் லேசான பால் மங்கல்.

எக்ஸ்ஆர்டியில் 25.5 டிகிரியில் ஒரு பெரிய பீக், 52.3-இல் ஒரு குட்டிப் பீக், 42.2-இல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மேடு. காமா நிலை (சாதாரண வெப்பநிலையில் இதன் படிக அமைப்பு), 111 என்ற படிகத் தளங்கள் கண்ணாடிக்கு இணையாக அடுக்கி நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். செம்பின் 43.3 பீக் சுத்தமாக இல்லை. 111 பீக்கின் (அந்த 25.5) பாதி உயர அகலம் 0.32 டிகிரி. பீக்கின் அகலத்திலிருந்து படிக மணியின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில் போட்டால் 25 நானோமீட்டர் வருகிறது.

இதையே ஹாட் பிளேட்டில் 150 டிகிரி செல்சியஸில், காற்றில், ஒரு மணி நேரம் அனீல் செய்தேன். அகலம் 0.21 ஆகக் குறைந்தது, ஷெரர் அளவு 39 ஆனது. பீக்கின் உயரமும் கூடியது. சந்தோஷமாக ஃபோர் பாயிண்ட் ப்ரோபில் (நாலு ஊசியால் மின்தடை அளக்கும் கருவி) வைத்தேன். அனீலுக்கு முன்னால் ஒரு சதுரத்துக்கு 4.2 கிலோ ஓம். அனீலுக்குப் பின்னால் 63 கிலோ ஓம்! மூன்று படலத்தில் செய்து பார்த்தாயிற்று, மூன்றிலும் இதே கதை. 50 நானோமீட்டரால் பெருக்கி, துண்டு சின்னதாக இருப்பதற்கான திருத்தமும் போட்டால், மின்தடை எண் 0.021 ஓம் சென்டிமீட்டரிலிருந்து 0.31-க்குப் போகிறது.

ஹால் அளவீடு (காந்தப்புலத்தில் வைத்து, மின்சாரத்தைச் சுமப்பது எது, எவ்வளவு என்று பார்ப்பது) இன்னும் மோசம். நாலு மூலையிலும் சில்வர் பேஸ்ட் வைத்து அளந்தேன். ஒரே படலம், மூன்று முறை. இரண்டு முறை பி-டைப் (சுமப்பது நேர்மின்), ஒரு முறை என்-டைப் (சுமப்பது எதிர்மின்). அனீல் செய்ததில் எண் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் போதாதென்று, ஒன்றும் செய்யாமல் மேஜையில் கிடந்த ஒரு படலம் பத்து நாளில் தானாகவே 4.2-லிருந்து 11 கிலோ ஓமுக்குப் போயிருக்கிறது.

"படிகம் நன்றாக வளர்ந்தால் கடத்தலும் நன்றாகத்தான் இருக்கும், உன் அளவீட்டில்தான் கோளாறு" என்கிறார் கைடு. இரண்டு வாரத்தில் செமினார். எதை நம்புவது?

ஊதாஆவி எழுதியது:

கைடு சொன்னதில் பாதி சரி. அளவீட்டில் கோளாறு இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை. மின்தடை ஏறியது நிஜம்.

முதலில் என் கண்ணில் குத்தியது அந்த 50 நானோமீட்டர். அது செம்பின் தடிமன். நீங்கள் அளந்தது செம்பையா? ஒரு மோல் செம்பு 63.5 கிராம், அடர்த்தி 8.96, ஆக 7.1 கன சென்டிமீட்டரில் அடங்கிவிடும். காப்பர் அயோடைடு ஒரு மோல் 190.45 கிராம், அடர்த்தி 5.67, அதற்கு 33.6 கன சென்டிமீட்டர் வேண்டும். வகுத்துப் பாருங்கள், 4.7. கண்ணாடி பக்கவாட்டில் நகர விடாது, ஆகவே அவ்வளவும் மேல்நோக்கித்தான் எழும்பியாக வேண்டும். உங்கள் 50 ஜாடியை விட்டு வெளியே வரும்போது கிட்டத்தட்ட 237. அப்படியானால் மின்தடை எண் 0.021 இல்லை, 0.1 ஓம் சென்டிமீட்டர். அனீல் செய்தது 1.5. துண்டின் அளவுக்காக நீங்கள் பொறுப்பாகப் போட்ட திருத்தம் மூன்று சதவீதம் தேறும். எறும்பைப் பிடித்துவிட்டு யானையை விட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் இதே யானையை விட்டவள்தான். ஒரு ஓரத்தில் கீறி ப்ரொஃபைலோமீட்டரில் படி உயரம் பார்த்துவிடுங்கள், என் கணக்கையும் நம்ப வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தப் பொருளில் மின்சாரத்தைச் சுமப்பது துளைகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாமல் போய் நேர்மின்போல் நடந்துகொள்ளும் இடங்கள். அந்தத் துளைகளைத் தருவது, படிகத்தில் செம்பு அணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போன காலியிடங்கள். அயோடின் நிறைந்த ஜாடிக்குள் பிறந்த படலத்தில் அந்தக் காலியிடங்கள் தாராளமாக இருக்கும். அதை எடுத்துத் திறந்த ஹாட் பிளேட்டில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அயோடின் என்ன செய்யும்? சும்மா மேஜையில் வைத்தாலே ஆவியாகிற சாமான் அது. மிகை அயோடின் கிளம்பிப் போகும், செம்பும் அயோடினும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த ஆரம்பிக்கும், காலியிடம் குறையும், துளையும் குறையும். அதாவது படிகம் ஒழுங்காக ஆக ஆக, கடத்துவதற்கு ஆள் இல்லாமல் போகிறது. எக்ஸ்ஆர்டி அழகாவதும் மின்தடை ஏறுவதும் முரண்பாடே இல்லை, இரண்டும் ஒரே சூட்டின் இரண்டு விளைவுகள்.

படிக நிலை மாறிவிட்டதோ என்ற பயம் வேண்டாம். காமா நிலை 369 டிகிரி வரைக்கும் அசையாது. அதற்கு மேல்தான் பீட்டா, 407-க்கு மேல் ஆல்ஃபா. 150 டிகிரி பக்கத்தில்கூட இல்லை. காற்றில் சுட்டதால் ஆக்சைடு வந்ததா என்று மட்டும் 36.4 டிகிரிப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள், குப்ரஸ் ஆக்சைடு இருந்தால் அங்கே தலை காட்டும்.

நான் சொல்வது சரியா என்று சோதிக்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. அந்த 63 கிலோ ஓம் படலத்தை எடுத்து மறுபடி அயோடின் ஜாடிக்குள் ஐந்து நிமிடம் வையுங்கள். எடுத்த கையோடு அளக்க வேண்டாம், அரை மணி ஆறவிட்டு அளங்கள். மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் அயோடின் முதலில் போய்த் தொலையட்டும். மின்தடை இறங்கினால் குற்றவாளி அயோடின். இறங்காவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

எக்ஸ்ஆர்டி பற்றி இரண்டு வார்த்தை. ஷெரர் கொடுக்கிற 25, 39 எல்லாம் படலத்தின் உயரத் திசையில் உள்ள ஒழுங்கின் நீளம். உங்கள் மின்சாரம் ஓடுவதோ கிடைமட்டமாக. உயரவாக்கில் 39 நானோமீட்டர் ஒழுங்காக இருக்கிறது என்பதை வைத்துப் பக்கவாட்டில் எத்தனை எல்லைகளைத் தாண்டிப் போகிறது என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அகலம் குறைந்தாலே படிக மணி வளர்ந்தது என்று அர்த்தமில்லை. 4.7 மடங்கு உப்பிய படலம் இறுக்கிப் பிடித்த நிலையில்தான் இருக்கும், சூடு கொடுத்தால் அந்த இறுக்கம் தளர்ந்தும் பீக் ஒல்லியாகும். இரண்டையும் பிரிக்க 52.3 பீக்கைப் பாருங்கள், அது அதே 111 தளங்களின் இரண்டாம் வரிசை, 222. மணி அளவுதான் காரணம் என்றால் அது 111-ஐவிடப் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அகன்றிருக்கும். இறுக்கம்தான் காரணம் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்க மறக்காதீர்கள். சிலிக்கான் தூள் ஒன்றை வைத்து ஒரு தடவை எடுத்துவிட்டால் வருடம் பூராவும் உதவும்.

கடைசியாக, சில்வர் பேஸ்ட். இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வெள்ளிக்கும் அயோடினுக்கும் இருக்கும் உறவு எப்படிப்பட்டது என்று பழைய ஃபோட்டோகிராஃபர்களைக் கேட்டால் தெரியும். படலத்தில் இருக்கும் மிகை அயோடினை வெள்ளி இழுத்துக்கொண்டு, தொடும் இடத்தில் சில்வர் அயோடைடு மேலுறை போட்டுக்கொள்ளும். அதன் வழியாக நீங்கள் அளந்தது காப்பர் அயோடைடை அல்ல, அந்த மேலுறையின் மூடை. அலுமினியமும் இண்டியமும்கூட வேண்டாம். தங்கம்தான். மாஸ்க் வைத்து நாலு மூலையில் 50, 60 நானோமீட்டர் போதும். ஆனால் எவாப்பரேட்டரின் வெற்றிடமும் கொஞ்சம் அயோடினை உறிஞ்சிவிடும், ஆகவே தங்கம் போடுவதற்கு முன்னும் பின்னும் ஷீட் ரெசிஸ்டன்ஸ் (ஒரு சதுரத்துக்கான மின்தடை) எடுத்து எழுதி வையுங்கள். தங்கத்துக்கு வழியில்லை என்றால் கிராஃபைட் பேஸ்ட், அழகாக இருக்காது, ஆனால் பொய் சொல்லாது.

இடையில் ஒரு புலம்பல். நான் முன்பு இருந்த ஆய்வகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அயோடின் ஜாடியை இறுக்கி மூடாமல் எடைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய், ஒரே மாதத்தில் தராசுத் தட்டில் பழுப்புக் குழிகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இடுக்கிகூடத் தப்பவில்லை. ஃபியூம் ஹூடுக்குள்ளேயே வையுங்கள், பிளாஸ்டிக் இடுக்கி வாங்குங்கள்.

ஓம்விதி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஹால் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் தங்கம் போட்டாலும் உங்கள் அடையாளம் புரளத்தான் போகிறது. ஏன் என்று எண்ணிலேயே காட்டுகிறேன்.

மின்தடை எண் 0.1 என்றால் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 10 சீமென்ஸ். துளைகளின் இயக்க எண் (எவ்வளவு சுலபமாக நகர்கின்றன என்பது) 6 என்று வைத்துக்கொள்வோம், இப்படிப்பட்ட படலத்துக்கு நடக்கக்கூடிய மதிப்புதான். நல்ல ஒற்றைப் படிகத்தில் 44 வரை பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் துளை அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10¹⁹. நீங்கள் 0.1 மில்லி ஆம்பியர் விட்டு, காந்தப்புலம் அரை டெஸ்லா வைத்தால் ஹால் மின்னழுத்தம் எவ்வளவு வரும்? 0.13 மில்லி வோல்ட். அதே மின்னோட்டத்துக்குப் படலத்தின் குறுக்கே விழும் சாதாரண மின்னழுத்தம் 0.42 வோல்ட். உங்கள் நாலு புள்ளிகள் ஒரே ஒரு சதவீதம் கோணலாக உட்கார்ந்திருந்தால் போதும், 4 மில்லி வோல்ட் பொய் மின்னழுத்தம் வந்து சேரும். நீங்கள் தேடுவதைப்போல் 30 மடங்கு! அந்தப் பொய் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் உங்களுக்கு பி, என் என்று தெரிந்திருக்கிறது.

அனீல் செய்த படலத்தில் நிலைமை வேறு விதம். துளை குறைந்ததால் ஹால் மின்னழுத்தம் கூடும், இரண்டு மூன்று மில்லி வோல்ட் வரும். ஆனால் குறுக்கே 6 வோல்ட் விழுகிறது, கான்டாக்டோ சூடேறி நகர்கிறது. எண் நிற்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். காந்தப்புலத்தைத் திருப்பிப் போட்டு அளங்கள், மின்னோட்டத்தையும் திருப்பிப் போட்டு அளங்கள், நாலு சேர்க்கையையும் எடுத்து வித்தியாசம் பாருங்கள். கோணலால் வரும் பொய் காந்தப்புலத்தைத் திருப்பினாலும் திரும்பாது, கழித்தால் தொலைந்துபோகும். மென்பொருள் தானாகச் செய்கிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பல கருவிகளில் அந்தப் பெட்டியில் டிக் போட்டால்தான் செய்யும்.

அதுவரைக்கும் பி-டைப்தானா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் ஹாலே வேண்டாம். மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் படலத்தில் ஒற்றுங்கள், கறுப்பு முனை குளிர்ந்த இடத்தில். துளைகள் சூட்டிலிருந்து குளிர்ந்த பக்கம் ஓடும், சிவப்பு முனை எதிர்மின்னாகக் காட்டும். பத்து வினாடி வேலை. காப்பர் அயோடைடில் இந்த விளைவு நன்றாகவே இருக்கும். இதை வைத்துத்தான் 2017-இல் ஜெர்மனியின் லைப்சிக் குழுவினர் ஒளி ஊடுருவும் தெர்மோ எலெக்ட்ரிக் (சூட்டு வித்தியாசத்தை மின்சாரமாக்கும்) படலம் என்று செய்து, அறை வெப்பநிலையில் 0.21 என்ற தகுதி எண் காட்டினார்கள்.

மெல்லிய_படலம் எழுதியது:

ஊதாஆவி அக்கா, ஓம்விதி சார், இரண்டு பேருக்கும் நன்றி. (தம்பிதான்.) நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை, காலையில் முதல் வேலையாக ஜாடியைத் திறந்தேன்.

63 கிலோ ஓம் படலம், ஐந்து நிமிடம் ஜாடியில், அரை மணி நேரம் வெளியே. 5.1 கிலோ ஓம்! எனக்கே நம்பிக்கை வரவில்லை, மற்ற இரண்டிலும் செய்தேன். 4.7, 5.6. எக்ஸ்ஆர்டியில் மறுபடி போட்டேன், 111 அகலம் 0.21 அப்படியே இருக்கிறது. ஒழுங்கும் போகவில்லை, கடத்தலும் திரும்பிவிட்டது.

பழைய டேட்டாவில் 222-ஐயும் பொருத்திப் பார்த்தேன். அனீலுக்கு முன் 0.66, பின் 0.36. அதாவது முன்பு 111-இன் இரண்டு மடங்கு. அப்படியானால் என் 25 நானோமீட்டர் மணி அளவே இல்லை, இறுக்கத்தைத்தான் மணி என்று நினைத்து ஸ்லைடில் போட்டிருக்கிறேன். ஸ்லைடைத் தூக்கிவிட்டேன்.

ப்ரொஃபைலோமீட்டர் 220-இலிருந்து 250 வரை காட்டுகிறது, மேற்பரப்பு கரடுமுரடாக இருப்பதால் நிலையாக இல்லை. சால்டரிங் அயர்ன் சோதனையில் எல்லாப் படலமும் பி-டைப்.

ஒரே ஒரு சங்கடம். கைடிடம் சொன்னால் "மறுபடி அயோடின் காட்டினால் அழுக்கு ஏறிக் கடத்துகிறது, அது நல்ல படலமா" என்கிறார். அப்புறம், மேஜையில் கிடந்தது 11-க்குப் போனதே, அதுவும் அயோடின் போனதால்தானா?

இருட்டறை எழுதியது:

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் உள்ளே வருகிறேன். எல்லாப் பழியையும் அயோடின் ஆவியாவதன் மேலேயே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மேஜைக்கு மேல் என்ன விளக்கு?

பாதரச ட்யூப் லைட்டில் 405 நானோமீட்டரில் ஒரு கோடு உண்டு. காப்பர் அயோடைடின் பட்டை இடைவெளி (எலெக்ட்ரானைக் கிளப்பத் தேவையான ஆற்றல்) சுமார் 3.1 எலெக்ட்ரான் வோல்ட், அது ஒளியை வலுவாக உறிஞ்சும் முதல் எக்ஸைட்டான் உச்சி 406 நானோமீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ட்யூப் லைட் குறிபார்த்து அடிக்கிறது என்றே சொல்லலாம். ஒளி பட்டால் காப்பர் அயோடைடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும், அயோடின் பிரியும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் மேற்பரப்பில் தன் பங்குக்கு வேலை செய்யும். இந்தப் படலங்களை நாள்பட வைத்திருக்க வேண்டியவர்கள் மேலே அலுமினியம் ஆக்சைடு மூடாக்குப் போடுவது சும்மா இல்லை.

ஊகம் எதற்கு, ஒரு படலத்தை வைரப் பேனாவால் நாலு துண்டாக வெட்டுங்கள். ஒன்று வெளிச்சத்தில் காற்றில். ஒன்று இருட்டில் காற்றில், அலுமினியத் தாள் படலத்தைத் தொடாதபடி ஒரு டப்பாவுக்குள். ஒன்று இருட்டில் வெற்றிட டெசிக்கேட்டரில். நாலாவது மூடிய சின்னக் குப்பியில், உள்ளே ஒரே ஒரு அயோடின் மணியோடு. ஒரே நேரத்தில், ஒரே ப்ரோபில், தினமும் ஒரு தடவை. துண்டு சின்னதாவதால் திருத்த எண் மாறும், ஆனால் உங்களுக்கு வேண்டியது ஏற்ற இறக்கம்தானே. ப்ரோப் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்திப் படலத்தைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது மெத்தென்ற பொருள்.

ஊதாஆவி எழுதியது:

இருட்டறை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். விளக்கை நான் கேட்டிருக்க வேண்டும். முடிவில் போவது அயோடின்தான், ஆனால் கதவைத் திறந்துவிடுவது யார் என்பது வேறு கேள்வி.

தம்பி, "அழுக்கு" என்ற சொல்லுக்கு உங்கள் கைடுக்கு ஒரு பதில் இருக்கிறது, அது 1907-ஐச் சேர்ந்தது. கார்ல் பேடெக்கர் என்ற ஜெர்மானியர் நீங்கள் செய்ததையேதான் செய்தார். கண்ணாடி மேல் செம்பு, அதற்கு அயோடின் ஆவி. கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒன்று மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்தார். அதைவிட முக்கியம், சுற்றி எவ்வளவு அயோடின் இருக்கிறதோ அதற்கேற்ப மின்தடை ஏறி இறங்குகிறது என்றும் பார்த்தார். கடத்தலை வேண்டுமென்றே கூட்டிக் குறைப்பதை இன்று டோப்பிங் என்று தினமும் சொல்கிறோமே, அதன் முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. 1911-இலேயே இதன் ஹால் அடையாளம் நேர்மின் பக்கம் என்று அளந்துவிட்டார்கள், துளை என்ற கருத்தே அப்போது கிடையாது. பாவம், எப்படிக் குழம்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மூன்று முறைக் குழப்பம் ஒன்றுமே இல்லை.

பேடெக்கரின் தாத்தா பெயர் போன பயண வழிகாட்டிப் புத்தகங்களைப் போட்டவர். ஆக இந்தத் துறையின் முதல் கைடு நிஜமாகவே கைடு குடும்பத்துப் பிள்ளை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் வருடமே அவர் களத்தில் இறந்துபோனார்.

உங்கள் கைடு ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு, இதுவும் தெளிந்த கடத்திதான்) படலத்தில் வேலை பார்த்தவர் என்றால் இன்னும் சுலபம். ஐடிஓவைக் காற்றில் நன்றாகச் சுட்டால் என்ன ஆகும் என்று பணிவாகக் கேளுங்கள். ஆக்சிஜன் காலியிடங்கள் நிரம்பி மின்தடை ஏறும். அங்கே ஆக்சிஜன் குறைவதால் எலெக்ட்ரான், இங்கே செம்பு குறைவதால் துளை. கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி. ஐடிஓவின் காலியிடத்தை அவர் அழுக்கு என்று சொல்லமாட்டார். வேண்டுமானால் 2016-இல் லைப்சிக்கில் ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் மோதிப் பொருளைப் படியவைக்கும் முறை) செய்த படலம் சென்டிமீட்டருக்கு 283 சீமென்ஸ் வரை போனதையும் சொல்லுங்கள். செய்தது அறை வெப்பநிலையில். அனீலே இல்லாமல் உங்களுடைய 10-ஐப்போல் 28 மடங்கு.

பால் மங்கலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது உப்புவதன் வேகம். அயோடின் தாராளமாக இருந்தால் அங்கங்கே மணிகள் பிறந்து, அவசரமாகக் குன்று குன்றாக எழும்பும், ஒளி அதில் பட்டுச் சிதறும். அயோடினைக் குறைத்து, நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

மெல்லிய_படலம் எழுதியது:

பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செமினார் முடிந்தது.

இருட்டறை சார் சொன்ன நாலு துண்டு. எல்லாம் 4.3 கிலோ ஓமில் தொடங்கின, ஒன்பது நாள் அளந்தேன். வெளிச்சத்தில் காற்றில் இருந்தது 9.8. இருட்டில் காற்றில் இருந்தது 4.9. வெற்றிடத்தில் இருந்தது 6.5, முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் ஏறிவிட்டது. அயோடின் மணியோடு குப்பியில் இருந்தது 3.6-க்கு இறங்கியது, ஆனால் மேலே லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. ஆக என் மேஜைக் கதையில் பெரிய கை விளக்குடையதுதான். ட்யூப் லைட் நேராக மேலே இருக்கிறது, இத்தனை நாள் அதை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

தங்கம் போட்டு, புலத்தையும் மின்னோட்டத்தையும் திருப்பிப் போட்டு ஹால் எடுத்தேன். ஆறு முறையும் பி-டைப். மென்பொருளில் அந்த டிக் போடாமல்தான் இருந்தது, ஓம்விதி சார்! புதிய படலத்தில் துளை அடர்த்தி 9 × 10¹⁸, இயக்க எண் 6.4. அனீல் செய்ததில் அடர்த்தி 4 × 10¹⁷-க்கு விழுந்துவிட்டது, இயக்க எண் 9-க்கு ஏறியிருக்கிறது. அதைப் பார்த்ததும் கைடு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்போ நான் சொன்ன மாதிரி படிகம் நன்றானதும் இயக்கம் கூடியிருக்கிறது பார்" என்றார். சரி சார் என்றேன். ஐடிஓ கேள்வியை அவரிடம் கேட்கத் தேவையே வரவில்லை, செமினாரில் வேறு ஒருவர் கேட்டார், கைடே எழுந்து பதில் சொன்னார்.

அயோடினை மூன்றே குருணையாகக் குறைத்து இரண்டு மணி நேரம் வைத்ததில் மங்கல் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் ஒரு ஓரத்தில் செம்பு மிச்சம் நிற்கிறது, 43.3 பீக் எட்டிப் பார்க்கிறது. தாங்கியின் நிழல் விழுகிற ஓரம் அது. இன்று படலத்தை நிமிர்த்தி வைத்து ஒரு மணிக்கு ஒரு தடவை கால் வட்டம் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.